இறந்தவர் பெயரில் எடுத்த புத்தகங்கள்

நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. இருபத்தாறு வயதில், கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால், ஒரு பெண்ணின் வேலையைப் பறிப்பதற்காக எழுதினேன். கடிதம் பலித்தது. அவர் போனார். அவருக்குக் கிடைக்க இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்கு இப்போது எண்பத்தொரு வயது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் இந்த உண்மை வெளியே வந்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. வெட்கத்தால் மட்டும் அல்ல. சென்ற மழைக்காலத்தைப் போல நான் குதூகலமாக இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. இரண்டும் ஒன்றாக நடந்தன. அதனால் இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத் தெருக்களுக்கென்று ஒரு சிறிய நூலகம் இருந்தது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மரப்படி ஏறிப் போனால் மாடியில் இரண்டு அறைகள். அங்கேதான் வேலை பார்த்தேன். இப்போது அந்த இடத்தில் குடையும் பையும் விற்கிறார்கள். நூலகத்தை மூடியபோது பதிவேடுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொன்னது கமிட்டி. நான் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவி இருந்தவரை அந்தப் பெட்டிகளைத் திட்டாத நாள் இல்லை.

போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியை என்னைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தம்பானூர் ஓட்டல் ஒன்றில் சமையலறையில் வேலை பார்த்தவராம். பேராசிரியையும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து இந்த நகரத்துப் பெண்களைப் பற்றி எழுதுகிறார்கள். அரசர்களுக்கும் திவான்களுக்கும் புத்தகம் இருக்கிறது, சந்தையில் கூடை சுமந்தவளுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கும் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தவளுக்கும் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பழைய பதிவேடு ஏதாவது கிடைக்குமா என்றார்.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினார். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"சாரே, இதுல ஒரு பெண்ணுகூட இல்லையே. மெம்பர் அத்தனை பேரும் ஆணுங்க. அப்போ இந்தத் தெருப் பெண்ணுங்க லைப்ரரியே உபயோகிக்கலைன்னு எழுதிர வேண்டியதுதான், அல்லே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் என் ரகசியம் என்னோடு எரிந்திருக்கும். ஆனால் பதிவேட்டைத் தப்பாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு நூலகனால் சும்மா இருக்க முடியாது.

"டீச்சர், அந்த மூணாவது வரியைப் படிங்கோ. யார் பேரு?"

"வேத பாடசாலை வாத்தியார்."

"என்ன எடுத்திருக்கார்?"

அவர் விரலை ஓட்டினார். "துப்பறியும் நாவல். அடுத்த வாரம்... அதோட ரெண்டாம் பாகம். அடுத்த வாரம் இன்னொண்ணு. ஒரு மாசத்துல பதினொண்ணு!"

"அவர் பஞ்சாங்கம் தவிர வேற புஸ்தகம் தொட மாட்டார்."

"பின்னே யாரு?"

"பின்னே யாரு? அவராத்து மாமிதான்."

பேராசிரியை எழுந்து நின்றுவிட்டார். "எண்ட தெய்வமே!" என்றார். பிறகு உட்கார்ந்தார். திரும்பவும் எழுந்தார்.

அந்தக் கால வழக்கம் அது. வீட்டுக்கு ஒரு டிக்கெட். டிக்கெட் ஆண் பெயரில். படிக்கிறவள் உள்ளே. பதிவேட்டில் பெயர் ஏறாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் போனபின் அப்படி ஒன்று இருந்ததாகவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம் எங்கள் வீடு சந்தைக்கடை ஆயிற்று. ஐந்து பெண்களும் வந்தார்கள். தரையில் சார்ட் பேப்பரை விரித்துத் தெருக்களை வரைந்தார்கள். வீடு வீடாக யார் என்ன படித்தார் என்று குறித்தார்கள். கோயில் மேளக்காரர் பெயரில் கர்ப்பிணிகளுக்கான வைத்தியப் புத்தகம். பிரம்மச்சாரி வக்கீல் பெயரில் தையல் கலை. அது அவருடைய அக்கா. நான் சொல்லச் சொல்ல, "அய்யோ சார், மெதுவா, மெதுவா" என்று கத்தியபடி எழுதினார்கள். எனக்குக் காபி குடிக்கக்கூட நினைவு வரவில்லை.

ஒரு நாள் அவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற நர்ஸ், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சார், இங்கே ஒரு பிரேதம் புஸ்தகம் எடுத்திருக்கு" என்றார்.

உண்மைதான். அந்த மனிதர் காலமான செய்தியை நானே ஓரத்தில் குறித்திருந்தேன். அதற்குப் பிறகு எட்டு மாதம், வாரம் இரண்டு புத்தகம் அவர் பெயரில் போயிருக்கிறது. உயிரோடு இருந்தபோது எடுத்ததைவிட மும்மடங்கு. அறை முழுக்கச் சிரிப்பு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். எதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது அந்தச் சிரிப்பில் எனக்கு மறந்தே போயிற்று.

பேராசிரியைதான் அதைக் கண்டுபிடித்தார்.

"சார், இந்தப் பெண்ணுங்க எடுத்ததெல்லாம் பச்சை மசியில இருக்கு. உங்க எழுத்து நீலம். பச்சை யாரு?"

சொல்ல வேண்டி வந்தது. என்னைவிட மூன்று வயது மூத்த ஒரு பெண், அதே தெருக்காரர், மதியம் இரண்டு முதல் நான்கு வரை துணிப்பையில் புத்தகம் சுமந்து வீடு வீடாகக் கொடுத்து வந்தார். அடுக்களை வேலை முடிந்து பெண்கள் கையைத் துடைக்கிற நேரம் அது. கிணற்றடி வழியாகப் போய்ப் பின்கதவைத் தட்டுவார். நூலகத்துக்கு வந்தவர்களுக்கு நான் கொடுத்ததை நீல மையிலும், தெருவில் தான் கொடுத்ததைப் பச்சை மையிலும் எழுதுவது அவர் ஏற்படுத்திய முறை. அவரால் நூலகம் இரண்டு மடங்கு ஆயிற்று. நூலகர் வேலையை அவருக்கே கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. நான் அப்போது உதவியாளன்.

"அப்போ இது என்ன?" என்று பேராசிரியை பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "ஒரு புதன்கிழமையோட பச்சை நின்னு போச்சு. அப்புறம் ஒரு வரிகூட இல்லை. செத்தவர் எடுக்கலை, வாத்தியார் எடுக்கலை, ஒருத்தரும் எடுக்கலை. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

"கமிட்டி மினிட்ஸ் புக்?"

"செல்லரிச்சுப் போச்சு."

மினிட்ஸ் புத்தகம் என் அலமாரியில், மடித்த வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. அவர்கள் முதன்முதல் வந்த அன்றே பெட்டியிலிருந்து எடுத்து அங்கே வைத்திருந்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் கழிந்து, அதே பெண்ணுக்கு எதிராக மறுபடியும் ஒரு பொய் சொன்னேன். இந்த முறை வலது கையால் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் பேராசிரியை தன் கட்டுரையின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். அருமையாக எழுதியிருந்தார். வாத்தியார் வீட்டு மாமி, செத்தவரின் மனைவி, எல்லோரும் அதில் உயிரோடு உலாவினார்கள். கடைசிப் பத்தியில், "இந்த விநியோகம் நின்றதற்கான காரணம் தெரியவில்லை" என்று இருந்தது.

அந்த வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் வேட்டிகளைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அதற்குள் துருப்பிடித்த குண்டூசியில் கடிதம் குத்தியே இருந்தது.

அவர் பரபரவென்று படித்தார். "புத்தகங்களுக்குள் சீட்டுகள் கைமாறுகின்றன. குலஸ்திரீகளின் மனம் கெடுகிறது." திருப்பிப் பார்த்தார். கடிதத்தின் பின்பக்கம், புத்தகம் திருப்பித் தராதவர்களுக்கு நாங்கள் அனுப்பும் அச்சடித்த நினைவூட்டல் தாள்.

"சார்! இது லைப்ரரிக்குள்ளே இருந்த ஆளு எழுதினது! எந்தக் கள்ளப்பயல் சார் அது? நமக்குக் கண்டுபிடிக்கணும்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் கடிதத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "அவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்கார். கல்லாறுல. பிள்ளை ஆத்துல."

"அப்போ என்கிட்ட இதைச் சொல்லி என்ன கார்யம்? நாளைக்குக் காலையில தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல எட்டு மணிக்கு நில்லுங்க."

பொன்முடி மலைக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. கல்லாற்றில் இறங்கினோம். அந்த அம்மாளின் மகன் அங்கே, மலைக்குப் போகிறவர்கள் நின்று சாப்பிடுகிற சின்ன ஓட்டல் நடத்துகிறார். பின்னால் வீடு. அதற்கும் பின்னால் ஆற்றின் இரைச்சல். அவர் முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"லைப்ரரி அம்பியா நீ? என்னடா இப்படிக் கெழவனாயிட்டே!"

எண்பத்துநான்கு வயதுக் குரலா அது! பேராசிரியை பதிவேட்டை மடியில் விரித்ததும் அவர் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பச்சை எழுத்தைத் தடவிப் பார்த்தார். எங்களுக்குத் தெரியாத வீடுகளையெல்லாம் அவர் சொன்னார். ஒவ்வொரு பெயராக, டிக்கெட்டில் இருக்கும் பெயர் இல்லை, அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர். பேராசிரியைக்கு எழுதி மாளவில்லை.

"இவர் செத்தப்புறமும் புஸ்தகம் எடுத்திருக்காரே அம்மா?" என்று பேராசிரியை கேட்டார்.

"அந்த மாமா போனப்புறம்தானே மாமி நன்னாப் படிச்சா! இருந்தப்போ விளக்கை அணை, விளக்கை அணைன்னு பிராணனை வாங்குவர், கேட்டேளா."

எல்லோரும் சிரித்தோம். அவர் உள்ளே போய் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே பெண்ணின் பெயர். கீழே அவள் படித்தது, படித்துவிட்டுச் சொன்னது. பேராசிரியை அதை வாங்கிப் புரட்டினார். பதிவேட்டின் மறுபாதி அது. நாங்கள் ஒரு மாதம் ஊகித்ததெல்லாம் அங்கே வரி வரியாக எழுதியிருந்தது.

அப்போது நான் சொன்னேன். எழுதினது யார், எதற்காக என்று, நாலே வாக்கியம்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சீட்டு சமாசாரம் நோக்கு எப்படித் தெரியும்?"

சீட்டு என்பது இதுதான். அந்தப் பெண்கள் புத்தகத்துக்குள் துண்டுக் காகிதம் வைத்து அனுப்புவார்கள். 'முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கு?' 'அந்தப் பெண் திரும்பிப் போயிருக்கக் கூடாது.' அடுத்த வீட்டுப் பெண் அதே சீட்டில் பதில் எழுதுவாள். அவ்வளவுதான். காதல் கடிதம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"திரும்பி வந்த புஸ்தகத்தை அடுக்கறவன் நான்தானே. உள்ளே விட்டுப்போனதைப் படிச்சிருக்கேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த பலாக்கொட்டை விழுந்தது.

"அப்போ அவ இல்லையா."

எனக்குப் புரியவில்லை. பேராசிரியை மெல்லக் கேட்க, விஷயம் வெளியே வந்தது. சீட்டு வைக்கும் பழக்கத்தை ஆரம்பித்தது அந்த அம்மாளும் அவருடைய உயிர்த்தோழியும். எதிர்வீட்டுப் பெண். வெளி ஆள் யாருக்கும் அது தெரியாது என்று இருவரும் நம்பியிருந்தார்கள். கமிட்டி கடிதத்தை உரக்க வாசித்தபோது, சீட்டு என்ற சொல் காதில் விழுந்த மறுகணம், தோழிதான் எழுதினாள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. தோழி வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தியிருக்கிறார். தன் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. தோழி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. துக்கம் கேட்கவும் போகவில்லை.

ஒரு வேலையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நமஸ்காரம் பண்ணக் குனிந்தேன். "வேண்டாம்" என்றார். "மொழங்கால் மடங்காது. விழுந்துட்டா யார் தூக்கி விடறது?" குரலில் சிரிப்பு இல்லை. பேராசிரியையிடம் சொன்னார்: "நோட்டு உங்களுக்கு. இவன் கையில தராதீங்கோ. காப்பி எடுத்து, பக்கம் பக்கமா இவன்கிட்டே குடுங்கோ. ஒவ்வொரு ஆத்துக்கும் போயி அவாவா பக்கத்தை அவாவாகிட்டே சேர்க்கட்டும். நான் நடந்த மாதிரி நடக்கட்டும். யார் எழுதின கடுதாசின்னும் சொல்லட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "நன்னாக் கேட்டுக்கோ. மன்னிச்சேன்னு நான் சொல்லலை" என்றார்.

அறுபத்துமூன்று பக்கங்கள். பேராசிரியை ஒரு துணிப்பை வாங்கிக் கொடுத்தார். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி நான்குக்குத் திரும்புவேன். வீடுகளில் பாதி கைமாறிவிட்டன. சிலது கிடங்கு. ஒன்றில் கட்டிட வேலைக்கு வந்த தென்காசிப் பையன்கள் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். விசாரித்து விசாரித்து பிளாட்டுகளுக்குப் போனேன். பெங்களூரிலிருந்து என் மகன், "எதுக்குப்பா இந்த வயசுல உங்க மானத்தை நீங்களே வாங்கிக்கறேள்?" என்று போனில் கேட்டான். ஒரு வீட்டில் வாசலிலேயே நிறுத்தி, விஷயத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். அது எனக்கு உரியதுதான்.

ஆனால் மற்ற வீடுகள்! வேத வாத்தியாரின் பேரன் வங்கி மேனேஜர். "எங்க பாட்டி துப்பறியும் நாவலா? சான்ஸே இல்லை" என்றான். பக்கத்தை நீட்டினேன். 'கொலைகாரன் சமையல்காரன்தான் என்று நாலாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன்' என்று அவன் பாட்டி சொன்னது அதில் இருந்தது. அவன் உள்ளே திரும்பி, "எடி, இங்க வா, ஓடி வா!" என்று கத்தினான். வீடே வந்து நின்று படித்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னபோது அவன் முகம் மாறியது. ஆனாலும் தண்ணீர் கொடுத்தான். இப்படி எத்தனையோ வீடுகள். படி இறங்கும்போது என் முழங்கால் வலி எனக்கே மறந்துவிடும்.

தினமும் மாலையில் கல்லாற்றுக்குப் போன் செய்வேன். அவர் ஹலோ சொல்ல மாட்டார். "இன்னிக்கு எந்த ஆம்?" என்பார். அன்று போன வீட்டைச் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று முழுவதும் கேட்டுக்கொள்வார். வைத்துவிடுவார்.

தோழியின் பக்கத்தைப் பயந்து பயந்து கடைசிக்குத் தள்ளிவந்தேன். அறுபத்துமூன்றாவது அது. தோழியின் மகள் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ரிட்டையர்டு டீச்சர். பக்கத்தை வாசித்தார். நான் சொன்னதையும் கேட்டார். கத்தவில்லை.

"அம்மா கேட்டுண்டே இருப்பா, மாமா. நான் என்ன தப்புப் பண்ணினேன், அவ ஏன் கதவைச் சாத்தினான்னு. நாங்க, வயசாச்சு, ஏதோ பழங்கதைன்னு விட்டுட்டோம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவா இருக்காளா? நம்பர் இருக்கா?" என்றார்.

என் போனிலேயே போட்டேன். அந்தப் பக்கம் வழக்கம்போல, "இன்னிக்கு எந்த ஆம்?" என்று கேட்டது. நான் போனை மகளின் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

கீழே நின்றேன். மழை விட்டிருந்தது. பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பை காலியாக இருந்தது, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மேலே ஜன்னல் திறந்தது.

"மாமா, மேலே வாங்கோ. சார்ஜ் தீரப்போறது. சார்ஜர் எங்க ஆத்துல இருக்கு, ஆனா உங்க போனுக்குச் சேரலை. நாளைக்குக் காலையில நான் கல்லாறு போறேன்."

அடுத்த நாள் மாலை பழக்கத்தில் போன் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அங்கே இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பேராசிரியையின் கட்டுரை அச்சுக்குப் போயிருக்கிறது. கடைசிப் பத்தியை மாற்றிவிட்டார். காரணம் அதில் இருக்கிறது, என் பெயரோடு.